பள்ளிகொண்டா ஜாமும் ஐதராபாத் விமானமும்

தோஸ்த்,

காலையில் மழையில் நனைந்தபடி ஆபீசுக்குள் நுழைந்தேன். அடையாள அட்டை தொங்கும் தோல் வார் ஈரமாகி, அறை முழுக்க ஆம்பூர் தோல் வாசனை. பக்கத்து சீட்டுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ நீயே உள்ளே வந்து உட்கார்ந்த மாதிரி சந்தோஷம்.

என் வேலை என்றாலே உனக்குக் கேலி. மேகத்தைச் சுற்றி எங்கள் கம்பெனி விமானங்களுக்குப் பாதை போடுபவன் நான். ஷூ பெட்டிகளை ஆம்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு லாரியில் கொண்டுபோகிறவன் நீ. ஒருநாள் வேலூருக்கு மேல் இடிமேகம் திரண்டது. சென்னைக்கு வரும் எல்லா விமானத்தையும் தெற்கே திருப்பிவிட்டேன். தெற்கே இடமில்லாமல் அத்தனையும் வட்டமடித்தன. கேட்டுவிட்டு நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"பள்ளிகொண்டாவுல ஜாம்னா எல்லா லாரியும் குடியாத்தம் ரோட்ல திரும்பும். அப்புறம் அங்க பேஜாரு. நான் டீக்கடையில நிறுத்திட்டு, பாதி பேரு போனப்புறம் கெளம்புவேன். நீ இன்னாடா, படிச்சவன்!"

அடுத்த மாதம் உன் மகளுக்கு நிச்சயதார்த்தம். அன்று காலை ஐதராபாத்திலிருந்து சென்னைக்கு விமானத்தில் கிளம்ப வேண்டியவள் அவள். மறுபடி அதே மேகம். பாதி விமானங்களைத் தெற்கே அனுப்பினேன். மீதியைப் புறப்படும் ஊரிலேயே நிறுத்தினேன். அவளுடையதும் அதில் மாட்டிக்கொண்டது. உடனே உன் போன்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சாயந்திரம் வர்றாங்க. எம்பொண்ண நிறுத்தி வெச்சிருக்கியே, நீ மனுஷனா?"

"நீ சொன்ன டீக்கடைதான்டா இது."

"டீக்கடை எனக்குடா, எம்பொண்ணுக்கு இல்ல!"

போனை வைத்துவிட்டாய். அவள் விமானத்தை முன்னால் தள்ளிவிட ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. முந்திக்கொண்டு பறந்தவற்றில் இரண்டு, வட்டமடித்து எரிபொருள் குறைந்து, இறங்க முடியாமல் பெங்களூருக்குப் போயின. அவள் வட்டமடிக்காமல் நேராக வந்து இறங்கி, மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்பே ஆம்பூர் போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் ஒரு பெட்டி மக்கன் பேடா இனிப்போடு நீ எங்கள் ஆபீஸ் வாசலில் நின்றாய். ஷூ கம்பெனியில் மிஞ்சிய தோலில் வெட்டிய இந்த வாரை நீயே என் கழுத்தில் மாட்டினாய். "எவன் போன் பண்ணாலும் கேக்காதே. நானா இருந்தாலும்."

இன்றும் இடிமேகம். உன் முதல் வருஷ திதிக்கு வருகிறாள் உன் மகள். இன்றும் அவள் விமானத்தை ஐதராபாத்தில் நிறுத்தினேன். அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"மாமா, அப்பா இருந்திருந்தா உங்கள கிழிச்சிருப்பாரு."

"கிழிச்சிட்டு, மறுநாள் பேடாவோட வந்திருப்பான்மா."

இருவரும் சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் கிளம்பி, நேராக வந்து இறங்கிவிட்டாள். நான்தான் வாரைப் பிடித்துக்கொண்டு இன்னும் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். திட்டுவதற்காவது ஒரு தடவை கூப்பிடேன்டா.