மஞ்சள் பூசிய சந்து

லீட்ஸ்,
மார்ச் 9

அண்ணா,

ரிமாண்டில் இருப்பவனிடம் நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அம்மா பின்னிய காலுறையைச் சிறைவாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரே கேள்வி. உன் பின்வீட்டு பிக்கர்ஸின் சுவரை இடித்தாய், சரி. அறுபத்தெட்டு வயசுக்காரர், குளியல் அங்கியோடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். உன் முதல் அடியிலேயே முழங்கை நொறுங்கிக் கீழே விழுந்துவிட்டார். விழுந்தவரின் முழங்காலில் சம்மட்டியால் இன்னும் இரண்டு அடி எதற்கு?

சுற்றி வளைக்காமல் பதில் எழுது.

ஃபின்லே


சிறை,
மார்ச் 15

அன்புத் தம்பி ஃபின்,

இங்க டீயில சோப்பு வாடை அடிக்குது. அம்மாகிட்ட சொல்லாத.

எதுக்குன்னா கேக்குற? என் நாப்பதாவது பிறந்தநாளுக்கு விக்டோரியா ராணி காலத்து தெரு மேப்பை ஃப்ரேம் போட்டுக் குடுத்தது யாரு? "அண்ணா, 1891-லயே உன் வீட்டுக்குப் பின்னாடி பன்னெண்டடி பொதுச் சந்து இருந்திருக்கு, கெழவன் சுவர் கட்டி முழுங்கிட்டான்"னு எல்லார் முன்னாடியும் விரல் வெச்சுக் காட்டினது யாரு? நெலம் அளக்குற சர்வேயர் தம்பி சொன்னான்னு நம்பினேன். மூணு வாரம் சமையலறை ஜன்னல் வழியா அந்தச் சுவரைப் பாத்துக்கிட்டே கோப்பை கழுவினேன்டா. இடிக்கும்போது அந்தக் கெழவன் என்ன சொன்னான் தெரியுமா? "கடையில வாங்கின படத்தை வெச்சு நெலம் அளக்குறவனா உன் தம்பி?" அடிச்சேன். விழுந்தும் சிரிக்கிற மாதிரியே இருந்துச்சு. மறுபடி அடிச்சேன்.

செப்டம்பர்ல கேஸ். சந்து நெஜம்னா தண்டனை குறையும்னு வக்கீல் சொல்றாரு. நீ வந்து சாட்சி சொல்லணும். உன்னை விட்டா எனக்கு யாருடா இருக்கா?

உன் க்ரெய்க்


லீட்ஸ்,
ஏப்ரல் 2

அண்ணா,

உன் வீட்டுக்குப் போய் மேப்பை ஃப்ரேமிலிருந்து பிரித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். சந்தின் இரண்டு ஓரத்திலும், மஞ்சள் பூச்சுக்கு அடியில், புள்ளிக்கோடு.

அந்தக் காலத்தில் புறநகர் மளமளவென்று வளர்ந்தது. வரைபடம் சீக்கிரம் பழசாகிவிடக் கூடாதென்று, போடப்போகிற தெருவையும் சேர்த்தே அச்சடித்தார்கள். போடாத தெருவுக்குப் புள்ளிக்கோடு. கறுப்பு வெள்ளைத் தாள் விலைபோகாது என்று பழம்பொருள் கடைக்காரன் வண்ணம் தீட்டியிருக்கிறான். தூரிகை புள்ளிகளை மூடிவிட்டது. நானோ ஒரு பத்திரத்தைக்கூடப் பார்க்காமல் வாயைத் திறந்தேன். 1908 பதிப்பில் சந்தே இல்லை. அதைப் போடவே இல்லை. சுவர் நின்றது பிக்கர்ஸுடைய மண்ணில்.

நீதிமன்றத்தில் இதைத்தான் சொல்வேன். இடிந்த சுவருக்கு நான் பொறுப்பு. அவர் முழங்கால் எந்த வரைபடத்திலும் இல்லை.

ஃபின்லே


சிறை,
ஏப்ரல் 8

ஃபின்லே,

சொல்லிப் பாரு. வெளிய வர்ற அன்னிக்கு உன் விரலைத்தான் மொதல்ல உடைப்பேன். மேப்புல வெச்ச அதே விரலை.

க்ரெய்க்


லீட்ஸ்,
அக்டோபர் 20

அண்ணா,

நான்கு வருடம் என்று நீதிபதி படித்தபோது நீ என் பக்கம் திரும்பவே இல்லை. பார்க்க வருவோர் பட்டியலிலும் என் பெயரை அடித்துவிட்டாய். இதையும் பிரிக்கமாட்டாய். இருந்தாலும் எழுதுகிறேன்.

சனிக்கிழமைகளில் அந்தச் சுவரைத் திரும்பக் கட்டுகிறேன், அதே விரல்களால். பிக்கர்ஸ் ஊன்றுகோலோடு கதவருகே நிற்கிறார். நேற்று ஒரு செங்கல்லில் அவர் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. யார் கண்ணிலும் படாமல் உள்பக்கமாகத் திருப்பி வைக்கப் போனேன். அவர் மனைவி டோரீன் பார்த்துவிட்டார்.

"வெளிப்பக்கம் வைப்பா," என்றார். "உங்க அண்ணன் ஜன்னலைப் பாத்த மாதிரி."

வைத்தேன். நீ வந்து கோப்பை கழுவும்போது, கண்ணுக்கு நேரே இருக்கும்.

ஃபின்லே