அழகுத்தாய் எழுதிய பக்கம்

சித்திரபுரம்,
5-1-1975

மதிப்பிற்குரிய கமலாத்தாள் டீச்சர் அவர்களுக்கு, ஒன்பதாம் வகுப்பில் இரண்டாம் ஆண்டாக வீற்றிருக்கும் மொக்கையன் வணக்கத்துடன் எழுதுவது.

முதலில் ஒரு துயரச் செய்தி. நமது ஹெட்மாஸ்டரின் குடை, கடந்த வெள்ளிக்கிழமை அடித்த காற்றில் ஏழு கம்பியும் முறிந்து உயிர் நீத்தது. இதற்காகப் பள்ளிக்கு விடுமுறை விடப்படவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

உங்கள் ஊர் முதலமடையில் மா பூத்துவிட்டதா? இங்கே உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் சார், உடம்பைப் பற்றிய பாடம் வந்தால் நாலு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துப் புரட்டிவிடுகிறார். பெண் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். மாதவிலக்கு அசிங்கமில்லை, கறுப்பு குறையில்லை என்று நீங்கள் சொன்னதை இப்போது யாரும் வாயில் எடுப்பதில்லை. பேர் போடாமல் அவர்கள் மனசில் இருப்பதை எழுத நீங்கள் கொடுத்த நோட்டையும் எஸ்டேட் மேனேஜர் பாக்டரி பாய்லரில் போட்டு எரித்துவிட்டாராம். அன்று தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் ஆம்பளைகள் அதை வைத்துச் சிரித்தபோது நான்தான் சிங்கம்போல் பாய்ந்து தடுத்தேன் என்று உங்களிடம் சொன்னேன். அந்த நோட்டால் வேலை போய், ஊருக்குப் பஸ் ஏறும்போதும் என் முதுகில் தட்டிக்கொடுத்தீர்கள்.

அக்கா அழகுத்தாயைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை. அதற்குள் தை கடைசியில் கல்யாணம். மாப்பிள்ளை போடிக்காரர், முப்பத்து நாலு வயசு, முன்வழுக்கை. நிறமும் இல்லை, கண்டதை எழுதிப் பேரையும் கெடுத்துக்கொண்டாள், இனி வேறு எவன் வருவான் என்கிறார் அப்பா. பெண் பார்க்க வந்த அன்று அம்மா அரை டப்பா பவுடரை அவள் மூஞ்சியில் கொட்டினாள். வெள்ளையடித்த லயத்து வீட்டுச் சுவர் மாதிரி இருக்கிறாய் என்றேன். அவள் சிரிக்கவில்லை. என்னோடு பேசி மூன்று மாதம் ஆகிறது.

கல்யாணத்தை நிறுத்திக் காட்டுகிறேன் என்று லயம் முழுக்கச் சவால் விட்டிருக்கிறேன். எப்படி என்றுதான் தெரியவில்லை. நீங்கள் ஒருமுறை வாருங்கள். அவளை முதலமடைக்குக் கூட்டிப்போய்ப் பரீட்சை எழுத வையுங்கள். உங்களோடு என்றால் அவள் வருவாள்.

வருவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நோட்டை அக்காவின் பையிலிருந்து எடுத்தது நான்தான். கொட்டகையில் எடைத் தராசு மேடைமேல் ஏறி நின்று, ரேடியோவில் செய்தி வாசிக்கிற குரலில் வாசித்ததும் நான்தான். ஒரு பக்கத்தில், என் தம்பி என்னை அடுப்புக்கரி என்று கூப்பிடுகிறான் என்று இருந்தது. யார் யாரை அப்படிக் கூப்பிடுவது என்று எஸ்டேட்டுக்கே தெரியும். எல்லாரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சிரிப்பு பலமாக இருந்தது, அதனால் மீதியையும் வாசித்தேன். கண்ணாடி பார்க்கவே பிடிக்காது, டீச்சர் சொன்னதால் இன்று பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று எழுதியிருந்தாள்.

யாரையும் நான் தடுக்கவில்லை டீச்சர். இதைப் படித்த பிறகும் வாருங்கள். எனக்காக இல்லை.

இப்படிக்கு,
ரா. மொக்கையன்