உன் பெயரில் ஒரு கையெழுத்து

அக்கா, இதை யாருக்கும் காட்டிவிடாதே. அம்மாவுக்குக்கூட. நீ இல்லை என்று தெரிந்தும் கெஞ்சுகிறேன். இந்த வீட்டில் கெஞ்ச எனக்கு வேறு ஆள் இல்லை.

இன்று உன் கருவிப் பையைத் திறந்தேன். காய்ச்சலில் நீ போய் நான்கு மாதம் ஆகியும் அந்தப் புதுக் கேபிள் வாசனை உள்ளே அப்படியே இருக்கிறது. அடியில், உன் போட்டோவும் கையெழுத்தும் உள்ள சான்றிதழ் அட்டை. அந்தக் கையெழுத்தைப் பார்த்து என் நோட்டில் ஒரு தடவை போட்டேன். உன்னுடையது மாதிரியே வந்துவிட்டது. பயந்துபோய் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

மாமா கேட்பது அதைத்தான். கும்பகோணத்தில் அவர் எடுத்த ஆஸ்பத்திரி வேலை முடிந்துவிட்டது. இழுத்த நெட்வொர்க் கேபிள் முழுவதையும் சான்றிதழ் பெற்ற ஒருவர் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் வேலையை ஏற்பார்களாம். அவரிடம் அப்படி இருந்தவள் நீ ஒருத்திதான். சாயந்திரம் படிவத்தை என் முன்னால் வைத்தார்.

"உன் எழுத்து அவ எழுத்து மாதிரியேதானேம்மா இருக்கு. தேதியை அவ இருந்தப்ப போட்டுக்குவோம். காலையில வாங்கிக்கறேன்."

"அக்கா அந்த வேலையைப் பாக்கவே இல்லையே மாமா?"

"இருந்திருந்தா பாத்திருப்பால்ல?"

அம்மா மாமா குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பா போன பிறகு நாம் இருப்பது மாமா வீட்டு மாடியில். அவள் என்ன பேசுவாள்?

இந்த அட்டைக்காகத் திருச்சிக்குப் போய் முதல் தடவை பரீட்சையில் தோற்று வந்தாயே, அது நினைவுக்கு வருகிறது. முனையில் வயர்களின் முறுக்கைக் கொஞ்சம் கூடுதலாகப் பிரித்துவிட்டாய், அவ்வளவுதான். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "ஏணில ஏறி வயர் இழுக்கறதுக்கு ஒரு பரீட்சை. அதுல ஃபெயில் வேற!"

நீ சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய்: "தப்பா செஞ்சா ஃபெயில் பண்றாங்கல்ல மாமா, அதனாலதான் அந்த அட்டைக்கு மதிப்பு. எல்லாருக்கும் குடுத்தா அது கல்யாணப் பத்திரிகை."

பிறகு இரண்டு மாதம் ஜன்னல் கம்பியில் கேபிளைக் கட்டிக் கட்டிப் பழகினாய். மாமாவின் ஆட்கள் அறுப்பில் கதிர்க்கட்டு கட்டிப் பழகியவர்கள். கேபிளையும் அதே மாதிரி மூச்சைப் பிடித்து இறுக்குவார்கள். "அண்ணே, இது நெல்லுக்கட்டு இல்ல, உள்ள நசுங்கிரும். பூ கட்டற மாதிரி கட்டுங்க" என்பாய். "பூ கட்டவா நாங்க வந்தோம்?" என்பார்கள். நீ கட்டுக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பாய். நுழையாவிட்டால் அந்தக் கட்டை வெட்டிவிடுவாய்.

போன ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ்ஸில் மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். மூன்றாம் மாடியில் கூரைப் பலகையை இன்னும் மூடவில்லை. ஏணியில் ஏறி விரலை விட்டுப் பார்த்தேன். எந்தக் கட்டுக்குள்ளும் நுழையவில்லை. ஏணியைப் பிடித்திருந்த மாமாவின் ஆளிடம் கேட்டேன்.

"இது எங்கண்ணே போற லைன்?"

"பேஷன்ட் பெட்ல மணி அடிச்சா நர்ஸ் மேஜைக்குப் போறது பாப்பா. ஏன், நீயும் எங்கள ஃபெயில் பண்ணப் போறியா?"

அன்றிலிருந்து கண்ணை மூடினால் யாரோ மூச்சு முட்டி மணியை அழுத்துகிறார். மேஜையில் விளக்கு எரியவில்லை. பலகையை மூடிவிட்டால் கேபிளை யார் பார்க்கப்போகிறார்கள்? உன் பெயரைத்தான் பார்ப்பார்கள். பார்த்து, நம்பி, படுப்பார்கள்.

மாமா கையில் கிடைக்காதபடி உன் அட்டையை என் கணக்குப் புத்தகத்தின் அட்டைக்குள் வைத்து ஒட்டிவிட்டேன். நாளை அது என்னோடு பள்ளிக்கூடம் வரும். படிவத்தில் கையெழுத்துக்கான இடத்தில் பேனாவால் எழுதியிருக்கிறேன்: 'இந்த வேலையை என் அக்கா சோதிக்கவில்லை. அவள் உயிரோடு இல்லை.' என் கையெழுத்தில்தான் எழுதினேன், வேண்டுமென்றே கோணலாக, உன்னுடையதென்று யாரும் நினைத்துவிடாதபடி. மாமா வீட்டை விட்டுப் போகச் சொன்னால் அம்மாவும் நானும் எங்கே போவோம் என்று தெரியவில்லை. ஆனால் உன் சுண்டுவிரல் மாதிரியேதான் என்னுடையதும், அக்கா. நுழைகிறதா என்று பார்க்க இனி நான்

படியில் செருப்புச் சத்தம். கதவைத் தட்டுகிறார்.

"பாப்பா, இன்னும் லைட்டு எரியுதே? போட்டாச்சா?"

அக்கா, படிவத்தை எடுத்துக்கொண்டு நான் கதவைத் திறக்கப் போகிறேன்.