பூட்ட மறந்த கணினி

ஜனவரி 9, செவ்வாய்

எடை 78.4. உயரம் மாறவில்லை.

புத்தாண்டன்று என் கணவன் ஹோல்கருக்குக் கொடுத்த வாக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது: நானாகப் போய் எனக்காக இனிப்பு வாங்க மாட்டேன். வாக்குக் கொடுக்கும்போதே வார்த்தைகளைப் பார்த்துப் போட்டேன். இருபத்தெட்டு வருடம் நகராட்சியில் முதியோர் உதவித்தொகை விண்ணப்பங்களைப் படித்தவளுக்கு, எந்த விதியில் எங்கே ஓட்டை என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்று மணிக்குக் கை தானாக மேசை இழுப்பறைக்குள் போகிறது. உள்ளே ஸ்டேப்ளர் இருக்கிறது.

ஜனவரி 11, வியாழன்

இன்று நடந்தது தற்செயல். கணினியைப் பூட்டாமல் கழிப்பறைக்குப் போய்விட்டேன். திரையில் ஒரு கிழவரின் பெயர், முகவரி, நோய் எல்லாம் திறந்து கிடந்தன.

இதற்கு எங்கள் பிரிவில் ஒரு தண்டனை உண்டு. யார் பார்க்கிறார்களோ அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, போனவர் பெயரிலேயே எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுவார்: "நாளைக்கு கேக் நான் கொண்டுவருகிறேன்." திரும்பி வந்தபோது என் நாற்காலி சூடாக இருந்தது. பக்கத்து மேசை ப்ரேபன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு எவ்வளவு பெரிய மனசு, லிஸ்பெத். நாளைக்கு நாங்க யாரும் வீட்ல சாப்பிட்டு வர மாட்டோம்."

ஜனவரி 12, வெள்ளி

காலை ஏழு மணிக்கு பேக்கரி. ஒரு முழுத் தட்டு ப்ரூன்ஸ்வீயர். பன் மாவில் விரலால் குழி குத்தி, வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் உருக்கி ஊற்றுவார்கள். ஓரத்துத் துண்டு கண்ணியமானவர்களுக்கு. நடுத்துண்டில்தான் குழிகள் ஆழம்.

நாங்கள் பதினோரு பேர். துண்டுகள் பதினாறு. மிஞ்சியது கொண்டுவந்தவருக்கு. காரிலேயே மூன்று சாப்பிட்டேன். இது நானாகப் போய் வாங்கியதில்லை, தண்டனை.

ஜனவரி 18, வியாழன்

மறுபடியும் பூட்டவில்லை. தற்செயல் என்று எழுதத்தான் நோட்டை எடுத்தேன்.

ஜனவரி 23, செவ்வாய்

டாக்டரிடம் போனேன். ஊரில் பாதிப் பேர் எடை குறைய வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறார்கள். ஹோல்கரின் முதலாளி பதினான்கு கிலோ இளைத்து, கழுத்து மட்டும் பழைய அளவில் இருக்கிறது. எனக்கு ஏழு கிலோ குறைந்தால் போதும் என்றேன். எடையை விடத் தொல்லை இந்த நினைப்புதான் என்றும் சொன்னேன். நாள் முழுக்க வாய்க்குள் யாரோ இனிப்பு, இனிப்பு என்று முணுமுணுக்கிறார்கள்.

டாக்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். "வெறும் எடைக்காகக் கொடுக்கற அளவுக்கு நீங்க குண்டு இல்ல. கூட ஒரு கோளாறு இருந்தா யோசிக்கலாம். ரத்தம் எடுத்துப் பாப்போம்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரு கோளாறு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 26, வெள்ளி

சர்க்கரை இல்லை. கொழுப்பும் இல்லை. செவிலி தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னாள். ரத்த அழுத்தம் மட்டும் கொஞ்சம் மேலே இருக்கிறதாம், இரண்டு வாரம் வீட்டில் அளந்து எழுதி வரவேண்டும். சின்ன நம்பிக்கை.

நேற்றும் பூட்டவில்லை. இன்று ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். மிஞ்சியது ஏழு.

பிப்ரவரி 1, வியாழன்

நான்காவது முறை. எழுந்து போய் மாடிப்படியில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்தேன். கணினி பூட்டியிருந்தது. ஆனால் மின்னஞ்சல் எதுவும் போகவில்லை. ப்ரேபன் சிரிக்கவில்லை. என் கோப்பையில் காபி ஊற்றி வைத்திருந்தான், அவனாக.

நானே என் பெயரில் அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். என் பெயரில் நான் அனுப்புவதில் முறைகேடு எதுவும் இல்லை. இருந்தாலும் அனுப்பவில்லை.

பிப்ரவரி 5, திங்கள்

பிரிவுத் தலைவி மலேன கூப்பிட்டாள். முப்பத்து நான்கு வயது, நல்ல பெண். மேசைமேல் ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது, மனசு விட்டுப் பேசுகிற நேரத்தில் ஏற்றுவது. பக்கத்தில் கைக்குட்டைத் தாள் பெட்டி. வேலையை விட்டு நிறுத்தப்போகிறார்கள் என்று நினைத்தேன். அவள் பேச ஆரம்பித்ததும் அதுவே தேவலை போலிருந்தது.

"யாரும் உங்கள குறை சொல்லல, லிஸ்பெத். எங்களுக்குக் கவலையா இருக்கு. நாலு வாரத்துல நாலு தடவ. முன்னாடியெல்லாம் நீங்க ஒரு தடவகூட இப்படிப் பண்ணதில்ல. போன வாரம் சமையலறைல ஃப்ரிட்ஜத் தொறந்து வச்சுகிட்டு, எதுக்கு வந்தோம்னே தெரியாம நின்னீங்களாம்."

எதுக்கு வந்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மீதித் துண்டை யாரோ எடுத்துவிட்டார்கள்.

"உங்க அம்மாவுக்கும் இந்த வயசுலதான் மறதி ஆரம்பிச்சுதுன்னு ப்ரேபன் சொன்னாரு," என்றாள்.

ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். கேக்குக்காகச் செய்தேன். வாயைத் திறந்தேன். "கொஞ்சம் களைப்பு" என்று வந்தது. டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வரும்வரை விண்ணப்பங்களைத் தொடக்கூடாது. கோப்பு அடுக்குகிறேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை ஹோல்கரும் ப்ரேபனும் இறகுப்பந்து ஆடும் நாள். ஒன்பதரைக்கு வரவேண்டியவன் கார் வந்து நின்ற சத்தம் கேட்டும் உள்ளே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். விளக்கை அணைத்துவிட்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

வந்து பாத்திரம் கழுவினான். அடுப்பை நான் அணைக்காமல் விட்டிருந்தேன், திட்டவில்லை. முப்பத்தொரு வருடத்தில் இந்த மனிதன் அடுப்பு விஷயத்தில் வாயை மூடிக்கொண்டது இதுதான் முதல் தடவை. ப்ரேபன் சொல்லியிருக்கிறான். எனக்குப் பயமாகிவிட்டது.

பிப்ரவரி 9, வெள்ளி

கிரீம் பன் வாங்கி வந்திருக்கிறான். எனக்காக. "சாப்பிடு. வாக்கெல்லாம் இருக்கட்டும் விடு."

சொல்லிடணும். இப்பவே சொல்லிடணும். சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது, எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 11, ஞாயிறு

துறைமுகம் வரை நடந்தோம். படகுகளைக் கட்டிவைக்கும் இரும்புத்தூண்கள் ஓரமாக என் கையைப் பிடித்துக்கொண்டான். மார்ச்சிலிருந்து வாரம் நான்கு நாள் மட்டும் வேலைக்குப் போவதாக முதலாளியிடம் கேட்டிருக்கிறானாம். மீதி நாள் என்னோடு இருக்க. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அவன் ஆரம்பித்துவிட்டான்.

"தொண்ணூத்தாறுல கிரீன்லாந்துல எனக்கு ஒரு வேல கெடச்சுது. மின்நிலையம். ரெண்டு வருஷம். உனக்குத் தெரியாது."

"தெரியாது."

"நீ அப்பதான் நகராட்சில சேந்திருந்த. பாப்பா கைக்குழந்த. வேணாம்னு எழுதிப் போட்டுட்டேன். உன்கிட்ட கேக்கல. கேட்டா போயிட்டு வான்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல. அப்புறம் ஒரு ஆறு வருஷம் உன்ன எனக்குப் பிடிக்கல, லிஸ்பெத். நல்லாத்தான் நடந்துகிட்டேன். ஆனா பிடிக்கல."

கடற்காகம் ஒன்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன்.

"ஒரு நாள் கார்ல வந்துகிட்டிருந்தோம். நீ மிட்டாய்ப் பைல உனக்குப் பிடிக்காத கறுப்பு மிட்டாயெல்லாம் பொறுக்கிப் பொறுக்கி என் வாய்ல போட்டுகிட்டே வந்த. பாலம் தாண்டுறப்ப பாத்தா, கோவத்தக் காணோம். எப்ப போச்சுன்னே தெரியல."

"இத ஏன் இப்ப சொல்ற?"

"ஒரு தடவயாவது சொல்லணும்னு இருந்துச்சு. நீ மனசுல வச்சுக்க மாட்டேன்னுதான்."

ஊரில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். அவன் அதை அதன் நேர்ப்பொருளிலேயே சொன்னான். நான் மறந்துவிடுவேன் என்று நம்பிச் சொல்லியிருக்கிறான்.

பிப்ரவரி 12, திங்கள்

ஆறு வருஷம். தொண்ணூத்தாறிலிருந்து இரண்டாயிரத்திரண்டு. அந்த வருஷங்களில்தானே நாங்கள் சமையலறையைக் கட்டினோம்? அந்தப் போட்டோவில் எல்லாம் சிரிக்கிறானே — பிடிக்காமலா சிரிச்சான்?

எனக்கு மறதி இல்லை என்று சொன்னால், இதையும் மறக்கப்போவதில்லை என்று சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால் மார்ச்சிலிருந்து அவன் வீட்டில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொள்வான். எனக்காக இன்னொரு தடவை ஒன்றை விட்டுக்கொடுப்பான், என்னைக் கேட்காமல்.

பிப்ரவரி 14, புதன்

மறதிச் சோதனை. கடிகாரம் வரையச் சொன்னார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். ஒன்றிலும் தடுமாறவில்லை. முப்பதுக்கு முப்பது.

டாக்டர் தாளைக் கீழே வைத்தார். "அப்ப ஆபீஸ்ல என்னதான் நடக்குது?"

சொன்னேன். ஒன்றும் விடாமல், மிஞ்சிய துண்டுகளின் எண்ணிக்கை உட்பட. அவர் சிரிக்காமல் கேட்டது பெரிய உபகாரம்.

"சான்றிதழ்ல கேக்னு எழுத முடியாது," என்றார். "ஞாபக சக்தி நல்லா இருக்குன்னு எழுதறேன். மத்தத நீங்கதான் சொல்லணும்." பிறகு நான் எழுதி வந்த ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். இரண்டு வாரமாக மேலேயே நிற்கிறது, கடைசி வாரம் ரொம்பவும் மேலே. "இத வச்சு ஊசி தரலாம். குமட்டும். விட்டா எடை திரும்ப வரலாம். அவசரம் இல்ல, யோசிச்சுச் சொல்லுங்க."

இவ்வளவு நாள் கேட்டதற்குக் கடைசியில் ஒரு கோளாறு கிடைத்துவிட்டது. சந்தோஷம் வரவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

மலேனயிடம் சொன்னேன். இந்த முறை மெழுகுவர்த்தி இல்லை. "நாலு பேரோட சொந்த விவரம், லிஸ்பெத்," என்றாள். எழுத்தில் எச்சரிக்கை. கேக் தண்டனை இன்றோடு ரத்து, இனிமேல் பூட்டாதவர் இரண்டு மணி நேரம் தகவல் பாதுகாப்புப் பாடம் படிக்க வேண்டும். பத்துப் பேருக்கும் கேக் போய்விட்டது. ப்ரேபன் என்னோடு பேசவில்லை. அவன் கோபத்தில் ஒரு நிம்மதியும் இருந்தது, பார்த்தேன்.

சாயங்காலம். ஹோல்கர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு மறதி இல்ல. வேணும்னேதான் பூட்டாம விட்டேன். கேக்குக்காக."

"கேக்குக்காக."

"முப்பதுக்கு முப்பது வாங்கியிருக்கேன். நாளைக்கே உன் முதலாளிகிட்ட சொல்லிடு, அஞ்சு நாளும் வர்றேன்னு."

கத்தியை வைத்துவிட்டு, துடைக்கிற துணியை முகத்தில் வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். நானும் அழுதேன், ஆனால் கிட்டே போக எனக்குத் தைரியம் வரவில்லை.

துணியை எடுத்தபோது முகம் மாறியிருந்தது.

"அப்ப ஞாயித்துக்கெழம நான் சொன்னது?"

"எல்லாம் ஞாபகம் இருக்கு."

"ஆறு வருஷம்னு சொன்னதும்?"

"அதுவும்."

உருளைக்கிழங்கு அப்படியே கிடந்தது.

பிப்ரவரி 18, ஞாயிறு

மகளின் பழைய அறையில் படுக்கிறான். ஐந்து நாள் வேலைக்கு மாற்றிக்கொண்டான் என்று சாப்பாட்டு மேசையில் சொன்னான். மூன்று நாளில் அவன் பேசியது அது ஒன்றுதான்.

நானும் கோபமாக இருக்கலாம் என்று பார்த்தேன். ஆறு வருஷத்துக்கு எனக்கும் உரிமை உண்டு. ஆனால் அந்த ஆறு வருஷமும் அவன்தான் என் கார் கண்ணாடியில் பனியைச் சுரண்டிவிட்டிருக்கிறான், தினமும், நான் எழும்புவதற்கு முன்னால்.

பிப்ரவரி 24, சனி

ஊசி வாங்கி வந்தேன். குளியலறையில் மூன்று எண்ணினேன். மறுபடி மூன்று எண்ணினேன். என் வயிற்றில் நானே குத்த எனக்கு வரவில்லை.

ஹோல்கர் வாசலில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. உள்ளே வந்து கையைக் கழுவினான். பெட்டிக்குள் இருந்த தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தான், மின்சார வேலை பார்க்கிற அவன் எதையும் படிக்கிற மாதிரி.

"சட்டையத் தூக்கு."

விரல் ஜில்லென்று இருந்தது. குத்திவிட்டு, மெதுவாக எண்ணி முடித்து, எடுத்தான்.

"வலிச்சுதா?"

"இல்ல."

"கொஞ்சமாவது வலிக்கும்னு நெனச்சேன்," என்றான்.

ஊசி முனையைக் கழற்றி டப்பாவில் போட்டான். அடுத்த சனிக்கிழமையும் தான் வீட்டில்தான் இருப்பதாகச் சொன்னான்.