பீரங்கிக்கு முந்தின பக்கம்

எப்போதும் என்னோடு ஒரு வாதத்துக்குத் தயாராக நிற்கும் என் பிலோமினாவுக்கு,

நம் புத்தகம் மறுபதிப்பாக வருகிறது. உன்னிடம் எப்போதோ சொல்லியிருக்க வேண்டிய செய்தி. நடுவில் ஒரு சிக்கல் வந்துவிட்டதால், அது தீரட்டும் என்று தள்ளிப்போட்டேன். இன்று காலையில்தான் தீர்ந்தது.

தொழிற்கருவிகள், ஆயுதங்கள், அவை எந்தெந்தப் பொருளால் ஆயின என்ற வரலாறு, எல்லாவற்றையும் அகரவரிசையில் ஒரு கலைக்களஞ்சியமாகத் தமிழில் தர முடியுமா என்று சென்னைப் பதிப்பகத்தார் கேட்டபோது நாம் எப்படிச் சிரித்தோம். நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள். நீ நம் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், மண்ணை அழுத்தி எடுக்கும் இரும்பு அச்சுகளை வடிவமைக்கிறவள். "நீ எழுது, நான் படத்தப் போடறேன். சண்ட வந்தா டீ குடிச்சிட்டுத் தீத்துக்கலாம்" என்றாய். எத்தனை டீ குடித்தோம், பிலோ?

'பீ' வரிசைக்கு வந்த அன்று உனக்குக் கொண்டாட்டம். பீங்கான் முடிந்தால் அடுத்து பீரங்கி. "பாத்தியா வளரு, பீரங்கிக்கு முன்னால நம்ம ஊரு போயி நிக்குது" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

பீங்கானுக்கு ஊறுகாய் ஜாடியை வரையச் சொன்னேன். நீ கேட்கவில்லை.

"ஜாடி எல்லா ஊர்லயும் இருக்குது. பியூஸ் கேரியர் இல்லாம எந்த வூட்லடி லைட்டு எரிஞ்சிது?"

மீட்டர் பெட்டியில் வெள்ளையாக இருக்குமே, இழுத்தால் கையோடு வருமே, அதைத்தான் சொன்னாய். மின்சாரத்தின் கதையில் அணையும் கம்பியும் வருகின்றன, நம் விரலுக்கும் மின்சாரத்துக்கும் நடுவில் நின்ற பொருளை யார் எழுதினார்கள் என்று கேட்டாய். குண்டு துளைக்காத சட்டைக்குள் வைக்கும் தகடுகளிலும் பீங்கான் இனத்தைச் சேர்ந்தவை உண்டு என்று நான் படித்துச் சொன்னபோது பென்சிலைக் கீழே வைத்தாய். பிறகு, "ரெண்டும் ஒரே வேலதான் பண்ணுது. வர்றத நிறுத்துது" என்றாய். அந்த வாக்கியத்தை எழுத்துத் தமிழாக்கிக் கட்டுரையில் வைத்துவிட்டேன். உன் பேச்சு என்று இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அந்தப் படம்தான் நீ கடைசியாக வரைந்தது. சிகிச்சைக்குப் புதுச்சேரி போய்வந்துகொண்டிருந்த நாட்கள். விரல் நுனி மரத்துப்போகிறது என்று பென்சிலில் துணி சுற்றிப் பிடித்து வரைந்தாய். அளவுகளையும் உன் கையாலேயே எழுதினாய்.

போன வாரம் பதிப்பகத்திலிருந்து ஒரு பையன் பேசினான். புதிதாகச் சேர்ந்த உதவி ஆசிரியன்.

"மேடம், எங்க ஆபீஸ் பழைய போர்டுல இருந்த பியூஸ் கேரியரக் கழட்டி அளந்து பாத்தேன். நம்ம புத்தகத்துல போட்டிருக்கறத விடச் சின்னதா இருக்கு."

"ஏம்ப்பா அதப் போயி கழட்டுன?"

"எல்லாப் படத்தையும் சரிபாக்கச் சொன்னாங்க மேடம். ஃபேன் நின்னு போயி எல்லாரும் திட்டுனாங்க. ஆனா அளவு தப்புதான்."

நம் பிலோ அளந்தால் தப்பாகாது என்று அவனிடம் வாதாடினேன். பிறகு என் வீட்டு மின்பலகையில் இருந்ததைப் பிடுங்கி ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. சிறிது நேரம் இருட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருந்த பிறகுதான் புரிந்தது.

மண் காயும்போது சுருங்கும், சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும். அதற்கு ஈடாக இரும்பு அச்சைப் பெரிதாக வெட்டுவீர்கள். நீ அளந்தது அந்த அச்சை. உன் பேச்சில் அளவு என்றால் அச்சின் அளவுதான். விலைகொடுத்து வாங்குகிறவர் யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார். விருத்தாசலத்தில் உட்கார்ந்து செய்கிறவர்தான் செய்வார். உனக்குக் கோபம் வந்திருக்குமா, சிரித்திருப்பாயா?

"ரெண்டு வழி இருக்கு மேடம்" என்றான் அந்தப் பையன். "கையால எழுதின நம்பர அழிச்சிட்டு டைப் பண்ணிடலாம். இல்ல, படத்தையே எடுத்துடலாம். பீரங்கிக்கு நல்ல போட்டோ ஒண்ணு கெடைச்சிருக்கு, பெருசாப் போட்டுக்கலாம்." வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொன்னான்.

ரோசியைக் கேட்காமல் நான் எதைச் சொல்வது? உன் மகள் இப்போது உன் தொழிற்கூடத்தில், உன் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். போய்ச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"அம்மாவுக்கு அளக்கத் தெரியாதுங்கறீங்களா பெரிம்மா?"

"அளந்தது சரிதாண்டி. அளந்த பொருள்தான் வேற."

"அவங்க கையெழுத்து வேற எங்க இருக்குது? ரேஷன் கடை கார்டுலயா? அழிக்கக் கூடாது, அவ்ளோதான்."

நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். தப்பான எண்ணோடு ஒரு கலைக்களஞ்சியம் வரக்கூடாது என்று எனக்குத் தெரியும். உன் எழுத்தை நானே அழிக்கச் சொல்ல முடியாது என்பதும் தெரியும். நீ இருந்தால் ஒரு நிமிடத்தில் முடிவு சொல்லியிருப்பாய், எனக்குப் பிடிக்காத முடிவாகக்கூட இருந்திருக்கும். இரண்டு நாள் யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. மணிமுத்தாற்றில் தண்ணீர் வந்திருக்கிறது என்று எல்லோரும் பார்க்கப் போனார்கள், நான் போகவில்லை.

இன்று காலை ரோசியே வந்தாள். கையில் சூளையிலிருந்து வெந்து வந்த பியூஸ் கேரியர் ஒன்று, நுட்பமாக அளக்கும் வெர்னியர் கருவி, கொஞ்சம் ட்ரேசிங் பேப்பர். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"பெரிம்மா, இந்தப் புஸ்தகத்த நம்பி எவனாச்சும் அச்சு வெட்டிட்டா? ஏற்கெனவே பெருசா இருக்கற அளவ இன்னும் பெருசாக்குவான். சூளையில வெச்ச மொத்தமும் வீணாப் போயிடும். அம்மா பேரச் சொல்லித்தான் திட்டுவான்."

"அப்ப டைப் பண்ணச் சொல்லிடட்டுமா?"

"டைப்பெல்லாம் வேணாம். நீங்க அந்தத் தாள எடுத்துட்டு வாங்க."

நீ வரைந்த தாளை மேசையில் விரித்தோம். அவள் பொருளை ஒவ்வொரு பக்கமாக அளந்தாள்.

"சுருங்கறது எல்லாப் பக்கமும் ஒண்ணுபோலத்தான் சுருங்கியிருக்குது. அம்மா போட்ட கோடு ஒண்ணுகூடத் தப்பில்ல, பாத்தீங்களா? நம்பர் மட்டுந்தான்."

உன் தாளின் மேல் ட்ரேசிங் பேப்பரை வைத்துப் புதிய எண்களை எழுதினாள். உன் எழுத்து இல்லை அது. குண்டு குண்டாக, கொஞ்சம் சாய்ந்து இருக்கிறது. புத்தகத்தில் உன் எண்களுக்குப் பதிலாக அவள் எண்கள் உன் கோடுகளோடு சேர்ந்து வரும். உன் எண்கள் இருக்கும் தாளை அவளே வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

அந்தப் பையனைக் கூப்பிட்டுச் சொன்னேன். படத்தின் கீழே 'படம்: பிலோமினா, அளவுகள்: ரோசி' என்று போட வேண்டும் என்றேன். இடம் பத்தாது மேடம் என்று இழுத்தான். பீரங்கியைச் சின்னதாக்கிக்கொள்ளச் சொன்னேன். சரி என்றான்.

பிலோ, இந்தப் புத்தகம் இனி எத்தனை முறை அச்சேறினாலும், தப்பு என்று யார் காட்டினாலும் திருத்துவேன். உன் தப்பாக இருந்தாலும் திருத்துவேன். கோடுகளை மட்டும் யாரும் தொட விடமாட்டேன். நான் கவனிக்க முடியாமல் போகும் காலத்தில் ரோசி கவனிப்பாள். இன்று அவள் கையில் வெர்னியர் இருந்த விதத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

உன் மகளுக்குப் பெரியம்மா,
உனக்குக் கூடப் பிறக்காத அக்கா,
வளர்மதி