சூளைப் பக்கத்து வேலை

கொட்டகலை,
18.07.2004

அன்பு மகள் இராஜகுமாரிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். கொழும்பில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க மாரியம்மன் துணை நிற்பாள்.

இங்கே மழை தன் இஷ்டத்துக்குப் பெய்கிறது. தேயிலையில் கொழுந்து இல்லை, பாதி நாள் வேலையும் இல்லை. எல்லாம் பூமி சூடாவதால்தான் என்று நீ சொன்னதை நம் லயத்தில் வீடு வீடாகச் சொல்லி வைத்திருக்கிறேன். பாதிப் பேர் நம்புகிறார்கள்.

நீ டிவியில் பேசியதை ஜமால்தீன் நானா கடையில் நின்று பார்த்தோம். அந்தச் சிமெந்துத் தொழிற்சாலைக்காரர்களை நீ வெளுத்து வாங்கியதில் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எம்மவ யாருக்கும் பயப்பட மாட்டா" என்று சொல்லிச் சொல்லியே நானாவிடம் இரண்டு பிளேன்டீ ஓசியில் குடித்துவிட்டார். எனக்கோ நீ மெலிந்து போனதுதான் கண்ணில் பட்டது. ஏழு வருடமாகச் சுற்றாடல் இயக்கம் என்று புகை கக்கும் ஆலை ஆலையாக அலைந்தால் உடம்பு என்ன ஆகும்?

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. தம்பி ஜெயதீபன் கண்டியில் கடையில் நிற்பதாக உன்னிடம் சொன்னது பொய். போன மாதத்திலிருந்து அதே தொழிற்சாலையில்தான் வேலை செய்கிறான், சிமெந்துக்குக் கல் சுடும் சூளைப் பக்கம். உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு இரண்டு வருடம் சும்மா இருந்த பிள்ளை. வேலை கிடைத்ததும் யாரையும் கேட்காமல் போய்விட்டான். "அக்காவுக்குத் தெரிஞ்சா வருத்தப்படும், சொல்லாதீங்கம்மா" என்று கெஞ்சினான்.

போன ஞாயிறு வந்திருந்தான். இரண்டு தரம் குளித்தும் தலையில் தூசி போகவில்லை. சோற்றில் கைவைத்தாலும் இருமல். கேட்டால் மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லையாம். இந்தக் குளிரிலேயே பிறந்து வளர்ந்தவன் என்னிடம் சொல்கிறான்!

அவன் சம்பளத்தில்தான் இப்போது அடுப்பெரிகிறது. அதனால் அந்த ஆலையை விட்டுவிடு, வேறு ஆலையைப் பார் என்று உன்னிடம் கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். "அவ வேலையில நாம குறுக்க நிக்கக் கூடாது" என்று அப்பா சத்தம் போட்டார். எழுத எழுத எனக்கும் மனசு மாறிவிட்டது.

ஆலையை மூடச் சொல்லவில்லை, நிலக்கரியைக் குறைத்து, புகைதூசி வெளியே வராமல் பிடிக்கும் மெஷின் பூட்டத்தான் சொல்கிறோம் என்று பொங்கலுக்கு வந்தபோது சொன்னாயே. அதை விட்டுவிடாதே. அந்த மெஷினைப் பூட்ட ஆலைக்காரர்கள் மூன்று வருடம் தவணை கேட்கிறார்களாம். கொடுக்காதே மகளே. அவன் தினமும் அங்கேதான் மூச்சு விடுகிறான்.

உன்னையே நம்பியிருக்கும்
அம்மா சண்முகவடிவு