கல்லில் பெயரில்லாத அத்தானுக்கு

என் ஆசை அத்தானுக்கு,

மலாயாவில் உங்களோடு அரிசிக் கடையில் வேலை பார்த்த கருப்பையா அண்ணன் மூன்று மாசம் முன்னால் கப்பலில் ஊருக்கு வந்தார். அரிமளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே நம் வீட்டுக்குத்தான் வந்தார். உட்காரக்கூட இல்லை, சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் கடிதத்தில் எழுதக் கை வரவில்லையாம்.

ஜப்பான்காரன் உங்களைச் சுட்டுவிட்டானாம். கடைக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் தோட்டத்துப் பள்ளத்தில், அக்கம்பக்கத்துச் சீனர்களோடு வரிசையாக நிறுத்திச் சுட்டானாம். மாசி மகத்துக்கு மறுநாள். மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்து அண்ணன் கண்ணால் பார்த்திருக்கிறார். அந்தச் சனங்களுக்கு அரிசி கொடுக்கப் போன இடத்தில் அகப்பட்டீர்களாமே. அந்த நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு எங்கிட்டாவது ஓடியிருக்கக் கூடாதா? உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான்.

சண்டை முடிந்ததும், மிச்சமிருந்த சீனர்கள் எலும்புகளைப் பொறுக்கி அங்கேயே புதைத்து, மேலே ஒரு கல் நட்டிருக்கிறார்கள். வருஷா வருஷம் பத்தி கொளுத்தி, பழம் வைத்து, விழுந்து அழுகிறார்களாம். அண்ணன் அந்த இடத்துப் போட்டோவை நீட்டினார். உங்கள் ஆத்தா, என் அத்தை, அதைக் கையில்கூட வாங்கவில்லை.

“அந்தக் கல்லுல எம் மகன் பேரு இருக்கா?”

“எல்லாம் சீன எழுத்துத்தான் ஆத்தா. நம்மாளு பேரை அங்க யாரு வெட்டுவா?”

“அப்ப அவன் அங்க இல்ல. சோலியப் பாத்துக்கிட்டுப் போப்பா.”

ஊர் பேர் தெரியாத சனம் உங்களுக்கும் சேர்த்து அழுகிறது. எனக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை, அத்தான். அழ வாயெடுத்தால், “உசுரோட இருக்கவனுக்கு ஒப்பாரியா?” என்று அத்தை சீறுகிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் என் தலையில் பூ வைத்துவிடுகிறார். கல்யாண வீட்டுக்கு என்னைத்தான் முன்னால் அனுப்புகிறார். அங்கே என்னைக் கண்டதும் ஆரத்தித் தட்டை வேறொருத்தி கைக்கு மாற்றுகிறார்கள். நான் சுமங்கலியா, தாலியறுத்தவளா? யாரைக் கேட்பது?

நேற்றுப் பொறுக்கமாட்டாமல் சொல்லியே விட்டேன்.

“மகத்துக்கு மறுநா அவுகளுக்கு எலை போட்டுப் படைக்கப் போறேன் அத்தை. நீங்க திட்டுனாலும் சரி, வீட்டை விட்டு வெரட்டுனாலும் சரி.”

அத்தை முறத்து அரிசியில் நெல் பொறுக்கிக்கொண்டே இருந்தார். கடைசி நெல்லையும் எடுத்துப் போட்டுவிட்டு, தலை நிமிராமல் சொன்னார்:

“கத்திரிக்கா வைக்காத. அவனுக்கு ஆகாது.”

வைக்க மாட்டேன், அத்தான். அன்றைக்கு வாய்விட்டு அழுவேன். அத்தையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன்.

உங்கள் மாமன் மகள், உங்களுக்கு வாக்கப்பட்டவள்,
வள்ளிக்கண்ணு